ஆறாம் அறை சென்றாயன்

சென்றாயனுக்கு முதல் வலிப்பு வந்தது பிரஸ் மெஷின் முன்னால். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயசு. ஓசூர் சிப்காட்டில் வாஷர் அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கண் விழித்தபோது வலது கையில் இரண்டு விரல் இல்லை. எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைத்தான் பிறகு அவரும் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தார்.

காயம் ஆறியதும் கம்பெனி இனி வரவேண்டாம் என்றது. உத்தனப்பள்ளிக்குத் திரும்பி, அப்பாவோடு தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். வரப்பில் விழுந்தார், கிணற்று மேட்டில் விழுந்தார். மனைவி மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா செத்தபின் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டார். தம்பி மனைவிக்குக் கைக்குழந்தை. இவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும்போது வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தில் தப்பில்லை என்று அவருக்கே தோன்றியது. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஓசூர் பஸ் ஏறினார்.

பதினொரு வருஷம் பஸ் ஸ்டாண்டிலேயே போனது. விழுந்து கிடந்தால் குடிகாரன் என்று தாண்டிப் போனார்கள். இரக்கப்பட்ட யாராவது கையில் ஒரு இரும்பைத் திணித்துவிட்டு அவரவர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். எழுந்து பார்த்தால் நாக்கு கடிபட்டிருக்கும், பை காணாமல் போயிருக்கும், பையோடு மாத்திரையும் போயிருக்கும். மாத்திரை போனால் அடுத்த வலிப்பு சீக்கிரமே வரும். ஒரு மழைக்காலத்தில் இரவுத் தங்குமிடம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு முறை விழுந்ததும் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் மிரண்டுபோனார்கள். பொறுப்பாளர் தன்மையாகப் பேசித்தான் அவரை வெளியே அனுப்பினார்.

அதற்கப்புறம்தான் அந்த எட்டு அறை வீடு வந்தது. அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. பல வருஷம் தெருவில் கிடந்த நோயாளிகளுக்கென்றே பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றைச் சீர்செய்திருந்தார்கள். விடிந்ததும் வெளியே போ என்று சொல்லமாட்டார்கள். இத்தனை நாள்தான் இருக்கலாம் என்ற கெடுவும் கிடையாது. சென்றாயனுக்கு ஆறாம் அறை. முதல் மாதம் கதவைச் சாத்தினால் தூக்கம் வரவில்லை. வாசற்படிக்கு அருகில், செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.

அந்த வீட்டைத் தாங்கி நடத்தியவள் மாதேஸ்வரி. வேப்பனப்பள்ளிக்காரி, முப்பது வயசு இருக்கும். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, யாருக்கு எது வருமோ அதில் பேசுவாள். காலையும் மாலையும் ஒவ்வொரு கதவாகத் தட்டி மாத்திரை கொடுத்து, விழுங்கும்வரை நிற்பாள். மாதம் ஒரு முறை எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். ஐந்தாம் அறையில் நாகம்மாள் என்று ஒரு அம்மா, தெலுங்குதான் பேசுவாள், அதுவும் பெரும்பாலும் சுவரோடு. மாதேஸ்வரி சொன்னால் மட்டும் குளிப்பாள், மாத்திரையும் போட்டுக்கொள்வாள்.

அந்த வீட்டில் பதினாலு மாசத்தில் சென்றாயன் இரண்டே தடவைதான் விழுந்தார். தளி ரோட்டில் ஒரு பூப்பண்ணையில் ரோஜாவைக் கட்டுக்கட்டும் வேலை கிடைத்தது. எட்டு விரலால் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

பிறகு ஒரு ஏப்ரல் மாதம், திட்டக் காலம் முடிந்துவிட்டது என்று மாதேஸ்வரி வந்து சொன்னாள். கட்டடத்துக்கும் கரண்டுக்கும் தண்ணீருக்கும் நிதி தொடரும், ஆள் போட மட்டும் இனி ஒதுக்கீடு இல்லையாம். சம்பளமில்லாமலே மூன்று மாதம் வந்தாள். வீட்டில் மாமியார் படுக்கையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். செல்போன் பாகம் கோக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கடைசி நாளில் மருந்துப் பெட்டியை ஆறாம் அறைக்குத் தூக்கி வந்தாள்.

"அண்ணா, நேரத்துக்கு முழுங்குறது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களுக்கும் உங்களால குடுக்க முடியுமா?"

சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும். விடியற்காலையில் எழுந்து கதவு கதவாகப் போனார். இரண்டாம் அறை அழகர்சாமி, நீ விஷம் வைக்கிறாய் என்று செம்பைத் தட்டிவிட்டார். ஒரே வாரத்தில் அவர் கிளம்பிப் போய்விட்டார். நாகம்மாள் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அறையைப் பெருக்கப் போனபோதுதான் பாய்க்கடியில் நாற்பது ஐம்பது மாத்திரைகள் ஈரத்தில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தார். அவளைத் திட்ட மனசு வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வதென்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள் என்று யாரோ சொல்ல, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி மனுவைப் பொறுமையாகவே படித்தார். கட்டடம் இருக்கிறது, யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை, பிறகு என்ன குறை என்று கேட்டார்.

"கூரை மட்டும் போதும்னா பஸ் ஸ்டாண்டுலயே இருந்துச்சுங்க சார்" என்றார் சென்றாயன். "ஒரு ஆளு வேணுங்க. வந்து கதவைத் தட்டுறதுக்கு."

அதிகாரி மனுவில் எதையோ எழுதி, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் நாகம்மாள் காணாமல் போனாள். நாலு நாள் சென்றாயன் மார்க்கெட், கோயில், ரயில்வே ஸ்டேஷன் என்று தேடினார். ஐந்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். கர்நாடக எல்லைக்குப் போகும் பெரிய ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்தது. அடையாளம் காட்டச் சென்றாயன்தான் போனார். நெற்றியிலிருந்த பழைய தழும்பை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது.

என்ன உறவு என்று கேட்டார்கள்.

"பக்கத்து ரூமுங்க."

உறவில்லாதவரிடம் உடலைக் கொடுக்க முடியாது என்றார்கள். யாரும் வராவிட்டால் அவர்களே அடக்கம் செய்வார்களாம், வேண்டுமானால் அப்போது கூட வரலாமாம். வருகிறேன் என்று பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். யாராவது ஒருவர் மண் போடட்டும் என்று நினைத்தார். இரண்டு நாள் டீயும் பன்னுமாகக் கழிந்தது. தன் மாத்திரை அறையிலேயே இருப்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நினைவுபடுத்தவும் ஆளில்லை.

கண் விழித்தபோது வார்டில் கிடந்தார், புருவத்தில் ஐந்து தையல். நாகம்மாளைக் கேட்டார். காலையிலேயே வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது என்றாள் நர்ஸ். எங்கே புதைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பூப்பண்ணை சூப்பர்வைசர் தையலைப் பார்த்ததும், உடம்பு தேறட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதோடு சரி. இப்போது அந்த வீட்டில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். காலியான அறைகளில் மாநகராட்சிக்காரர்கள் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்த நெடியில் சென்றாயனுக்கு ராத்திரியெல்லாம் இருமல்.

மனுவுக்குப் பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி பார்க்க வந்தபோது படித்துக் காட்டினாள். கட்டடம் நல்ல முறையில் பயன்பாட்டில் உள்ளது, மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டே நாகம்மா எங்கே என்று கேட்டாள். சென்றாயன் சொன்னார். அவள் ஐந்தாம் அறை வாசலுக்குப் போய் மூட்டைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"நான் போயிருக்கக் கூடாதுண்ணா."

"உன் பிள்ளைங்க சாப்பிட வேணாமாம்மா?" என்றார்.

கிளம்பும் முன் அவளே இன்னொரு மனு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி போனார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம், முதலிலிருந்து சொல்லுங்க என்றார். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. சென்றாயன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.