பதினோரு நாள் பத்தியம்

என் மனைவிக்கு தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தாள். போன ஆடியில் அவள் கண் லேசாக மஞ்சளித்தது. காமாலைதான் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். டெஸ்ட் எடுக்கக்கூடப் போகவில்லை. பக்கத்து ஊரில் பச்சிலை அரைத்துக் கொடுப்பவரிடம் கூட்டிப்போனேன். உப்பு, புளி ஆகாது, இங்கிலீஷ் மருந்து எதுவும் ஆகாது என்றார். தைராய்டு மாத்திரையுமா என்று அவள் தயங்கினாள். எல்லாந்தான் என்று அட்டையைப் பிடுங்கி பீரோவுக்கு மேலே போட்டேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற லட்சணம் இது.

பதினோராம் நாள் காலையில் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. என்னைப் பார்த்தே யாரென்று கேட்டாள். ஆட்டோவில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் தோளில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கழுத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தைராய்டு மாத்திரையை நிறுத்தினாளா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னிடம் படித்தவள். உள்ளே நுழைந்ததும் "சார்" என்று கும்பிட்டிருந்தாள். அவள் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தினமும் ஒழுங்காகப் போடுகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். மானிட்டரில் துடிப்பு நூற்று எழுபதைத் தாண்டியது. என் மனைவி கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். அந்த நர்ஸ்தான் அவள் கையைத் துணியால் கட்டிலோடு கட்டினாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"டாக்டர், பொய் சொல்லிட்டேன். மாத்திரைய நிறுத்துனது நாந்தான். பதினோரு நாளாச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் விட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்கள். இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்று சொல்லித்தான் திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியெல்லாம் ஜெபம் பண்ணப் பார்த்தேன். ஆண்டவரே என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் போய்விட்டால் நானும் இருக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உங்ககிட்ட படிச்ச பிள்ளை முன்னாலயா சொன்னீங்க?" என்றாள். "நாந்தான் போட மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா."