நாலு மணி நிழல்

வேலுத்தாய்க்கு ஊர் மம்சாபுரம். கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பொட்டலில் புதிதாகக் கல்லூரி எழும்பிய வருடம், எண்பத்தாறோ எண்பத்தேழோ, மரக்கன்று நடவும் தண்ணீர் ஊற்றவும் அவளைக் கூலிக்கு எடுத்தார்கள். படிப்பு கிடையாது, கைநாட்டுதான். ஆனால் வத்தல் களத்தில் இருபது வருடம் மிளகாய் காயப்போட்டவள். எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் நிழல் சாயும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரோடு எங்கே, புல் எங்கே, மரம் எங்கே என்று மதுரையிலிருந்து வரைபடக்காரர் வைகுண்டராஜ் வந்து பார்த்துப் படம் போட்டுக் கொடுத்திருந்தார். கல்லூரி பஸ்கள் நிற்கப்போகும் இடத்துக்குக் கிழக்கே பன்னிரண்டு புங்கங்கன்று என்று படத்தில் இருந்தது. மேஸ்திரி மாரிசாமி அதன்படி குச்சி அடித்துவிட்டு, குழி தோண்டச் சொல்லிப் போனார்.

வேலுத்தாய் குச்சிகளையே செத்த நேரம் பார்த்தாள். கிழக்கே மரம் இருந்தால் நிழல் காலையில் விழும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகள் அங்கே நிற்கவா போகிறார்கள்? நிற்பது சாயங்காலம் நாலு மணிக்கு. அப்போது நிழல் ஆளில்லாத காட்டுப் பக்கம் கிடக்கும், மேற்கு வெயில் பிள்ளைகள் முகத்தில் அடிக்கும். சொன்னால் மேஸ்திரி வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த தங்கபாயைச் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு குச்சியையும் பிடுங்கி மேற்கே அடித்து, கல்லாய் இறுகிய சுக்காம்பாறைத் தரையில் மூன்று நாள் குழி தோண்டினாள்.

மாரிசாமி வந்து பார்த்தார்.

"ஏட்டி, படம் போட்டவிய காலேஜுல படிச்சவிய. நீ எங்க படிச்ச?"

"வத்தக் களத்துல, அண்ணாச்சி."

இனி வேலைக்கு வர வேண்டாம், படக்காரர் வெள்ளிக்கிழமை வருவதற்குள் குழியை மூடு என்றார். வேலை போவதைக் கூட வேலுத்தாய் தாங்கிக்கொள்வாள். குழியை மூடுவதற்குத்தான் அவளுக்குக் கை வரவில்லை. மூடாமல் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வைகுண்டராஜ் பத்து மணிக்கு வந்தார். மேஸ்திரி சொன்னதைக் கேட்டார், படத்தை விரித்து அவளுக்கு விளக்கினார். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"நாலு மணி வரைக்கும் இருந்து பாருங்க சார். பொறவும் மூடச் சொன்னா, நானே மூடிட்டுப் போறேன்."

மதியமே மதுரைக்குத் திரும்ப இருந்தவர், என்ன நினைத்தாரோ, இருந்தார்.

நாலு மணிக்கு வேலுத்தாய் இரண்டு சாரக்கம்புகளை எடுத்துவந்தாள். ஒன்றை, படத்தின்படி முதலில் குச்சி இருந்த இடத்தில் தங்கபாய் நிமிர்த்திப் பிடித்தாள். இன்னொன்றை வேலுத்தாய் தன் குழியில் ஊன்றினாள். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள் என்று வைகுண்டராஜிடம் சொன்னாள். தங்கபாயின் கம்பு நிழல் அவரை விட்டு விலகிக் காட்டைப் பார்த்துப் போனது. வேலுத்தாயின் கம்பு நிழல் நேரே அவர் காலடிக்கு வந்தது. வெயிலில் கண் கூச, வைகுண்டராஜ் கையிலிருந்த படத்தைத் தூக்கி நெற்றிக்கு மேல் பிடித்தார். மாரிசாமி திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"நான் வந்ததெல்லாம் காலையிலதாம்மா," என்றார் வைகுண்டராஜ். அங்கேயே உட்கார்ந்து, பன்னிரண்டு வட்டத்தையும் ரப்பரால் அழித்து மேற்கே போட்டார். திங்கட்கிழமை அவளை வேலைக்கு வரச் சொன்னதும் அவர்தான்.

முதல் ஆடிக் காற்றில் ஒரு கன்று சாய்ந்தது. மேஸ்திரி வாய் திறப்பதற்குள் அவள் வேறு கன்று வைத்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாள். அந்தப் படம் கல்லூரி ஆபீசுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கைநாட்டு வைக்கப் போகும்போதெல்லாம், அழித்த தடம் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரியும்.

தொண்ணூற்றாறில் புதிதாக வந்த வாட்ச்மேன், பஸ் வரும் நேரம், தள்ளி நில் என்று அவளை விரட்டினான். சுற்றிலும் இருநூறு பிள்ளைகள் புங்க நிழலில் நின்றார்கள்.

"வெயிலுக்குள்ள நான் எதுக்குப் போறேன்?" என்றாள் வேலுத்தாய். "இந்த நெழல இங்க விழ வச்சதே நான்தாம்லே."