கடைசிக்கு முந்தைய வரி

எல்லர்ஸ்லியில் இருக்கும் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கேட்காத இடத்தில் கருத்துச் சொல்கிற வியாதி உண்டு. கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் ஒன்றை அசெம்ப்ளி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சாப்பாட்டு வேளையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"இந்தக் காலத்தில ஆர் அதை அசெம்ப்ளியில எழுதுறது? சி மொழி இருக்குதானே. உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்றார்.

வேலை இருந்தது. வீட்டில்தான் ஆள் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் கடல் தாண்டி பெர்த்தில் வேலை கிடைத்துப் போயிருந்தார். ஆறு மாத ஒப்பந்தம் என்று சொல்லித்தான் போனார். ஆறு மாதம் முடிந்தது, அதன் பிறகு ஒரு குளிர்காலமும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். எங்கள் வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் மழையா, ஹீட் பம்பைச் சுத்தம் செய்தாயா, மார்ட்கேஜ் வட்டி ஏறுமாமே என்று விசாரிப்பார். கடைசியில் "அடுத்த மாசம் பார்ப்போம் லா" என்பார். நானும் சரி என்பேன். அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டேன்.

மிச்ச நேரத்துக்கு பூட்லோடர். கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர், அதன் பலகையிலேயே பதித்து வரும் அடிப்படை நிரல். திரை, விசைப்பலகை, வட்டு எல்லாம் அப்போது அதன் கையில். யூ.எஸ்.பி.யில் இருக்கும் நம் சின்ன நிரலை அது தேடி எடுத்து ஓடவிடும். அந்த நிரல் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவைத்துவிட்டு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விலகிக்கொள் என்று ஃபர்ம்வேருக்குச் சொல்ல வேண்டும். பூட்லோடரின் பிழைப்பு அவ்வளவுதான். விலகிய பிறகு ஃபர்ம்வேர் எந்த உதவிக்கும் வராது. திரையில் ஓர் எழுத்து வேண்டுமென்றாலும் நாமே புள்ளி புள்ளியாக வரைந்துகொள்ள வேண்டும்.

இந்தப் புதுக்கால ஃபர்ம்வேருக்கு மரியாதை அதிகம் தேவை. எதற்குக் கூப்பிட்டாலும் ஸ்டாக் என்கிற தற்காலிக நினைவகத்தில் முப்பத்திரண்டு பைட்டைக் காலியாக விட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். அது அந்த இடத்தைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் போகலாம். புது மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டு வைப்பதுபோல நாம் போட்டு வைக்க வேண்டும். நான் திட்டிக்கொண்டே போட்டேன்.

கணினிக்குள் ஓடுகிற போலிக் கணினியில் என் நிரல் ஒழுங்காக ஓடியது. நிஜ இயந்திரத்தில் பார்க்கலாம் என்று கணவரின் பழைய லேப்டாப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஓடியது, ஓடியது, கடைசியில் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி: போயிட்டு வரேன்.

அந்த வரி நான் எழுதியதுதான். ஃபர்ம்வேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். நான் வளர்ந்த ஈப்போவில் எங்கள் வீட்டில் மூலைக்கடைக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்'தான். 'போறேன்' என்று யாராவது சொன்னால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார். விலகச் சொல்லும் கட்டளைக்கு முன்னால் என் நிரலும் அப்படியொரு வார்த்தை சொல்லட்டும் என்று விளையாட்டாகப் போட்டது.

ஸ்டாக்கைச் சந்தேகப்பட்டேன், யூ.எஸ்.பி.யைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப் கிழடாகிவிட்டது என்று அதன் மேல் பழி போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோது விஷயம் விளங்கியது. நினைவகத்தில் எந்த இடம் யாரிடம் இருக்கிறது என்று ஃபர்ம்வேர் ஒரு வரைபடம் வைத்திருக்கும். கேட்டால் அதையும் அதற்கொரு எண்ணையும் கொடுக்கும். விலகச் சொல்லும்போது அந்த எண்ணைத் திருப்பிக் காட்ட வேண்டும். நடுவில் வேறு எதற்காவது அதைக் கூப்பிட்டால் வரைபடம் மாறிவிடலாம். மாறினால் கையிலிருக்கும் எண் செல்லாது, விலக மறுத்துவிடும்.

நான் நடுவில்தான் விடைபெற்றிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுத லேப்டாப்பின் ஃபர்ம்வேர் கொஞ்சம் நினைவகம் எடுத்துக்கொண்டது, எண் காலாவதியானது. மறுத்தால் என்ன செய்வது என்று நான் எழுதியிருக்கவே இல்லை. அதனால் விடைபெற்ற வாயோடு நிரல் அப்படியே நின்றுவிட்டது, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசுகிற சொந்தக்காரர்களைப் போல. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

வரியை அழித்தேன். லேப்டாப் ஒரு கணம் இருண்டது. பிறகு என் நிரல் வரைந்த பச்சைச் சதுரம் திரையின் நடுவில் வந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"மழையா அங்க?" என்றார்.

"பெய்யுது. நீங்க வரப்போறீங்களா, இல்லையா?"

"என்ன திடீர்னு? காண்ட்ராக்ட்ல இன்னும் கொஞ்சம்…"

"வருவீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கும் சத்தம் கேட்டது.

"வரல," என்றார். பிறகு, "நீ இங்க வந்துடேன்."

அதை அதுவரை அவர் கேட்டதே இல்லை. கேட்கமாட்டார் என்றே நினைத்து அத்தனை மாதமும் கோபத்தில் இருந்திருக்கிறேன். கேட்டால் உடனே பெட்டி கட்டுவேன் என்றும் நினைத்திருந்தேன்.

"மாட்டேன்," என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் மூச்சு மாறியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.