மூலையில் இருந்த மண்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். ஆனால் இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. 1996 டிசம்பர் 12, வியாழக்கிழமை. கனடாவில், அஜின்கோர்ட்டில் அன்புராசா அண்ணையின் உடுப்புக் கழுவும் கடையில் நான் தனியாக வேலைக்கு நின்றேன்.

பின்னேரம் 3.40க்கு பேர்ணடெற் வந்தாள். கொலிஜில் என்னோடு படிக்கும் கறுப்பினப் பெண். நாங்கள் பேசுவது இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். கையில் பெரிய போர்வை. துண்டுத் துணிகளைப் பொருத்திக் கையால் தைத்தது. மஞ்சளும் பச்சையுமாக வயல்கள். நடுவில் மண்வெட்டியோடு நாலு பெண்கள், முதுகைக் காட்டிக்கொண்டு.

“விட்பிக்கு அங்கால எங்கட தோட்டம் இருந்தது. அதில வேலை செய்த பொம்பிளையள் இவை. ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே தைக்கவேணும். அம்மா தன்னைத் தைக்க முதல் கை விழுந்திட்டுது.”

“மியூசியத்தில வைக்கலாமடி!”

“அவையும் கேட்டவை. அம்மா குடுக்கேல்லை.”

அவள் அம்மா மக்டலீன் மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில். கையும் காலும் அசையாது. இன்றிரவு தாங்கமாட்டா என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. இந்தப் போர்வை தன் மேல் கிடக்கவேண்டும்.

“கொண்டு போகேக்க கோப்பியை ஊத்திப்போட்டன் சுபா. ஆறு மணிக்கு வாறன். பிளீஸ்.”

பொக்கற்றைப் பார்க்காமல் எதையும் மெஷினுக்குள் போடக்கூடாது. அது அண்ணையின் சட்டம். ஒரு பேனை மை கசிந்து பதினாலு வெள்ளைச் சேட்டுகளைக் கெடுத்த கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். போர்வையின் ஒரு மூலை கட்டியாக இருந்தது. பழக்கதோஷம். நூலைப் பிரித்தேன். கறுப்பு மண், ஒரு பிடி. சிங்க்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

4.50. வெளியே இருட்டிவிட்டது. காய்ந்த போர்வையை மேசையில் விரித்தேன். கறை போய்விட்டது. போன் அடித்தது.

“சுபா, சொல்ல மறந்திட்டன். மூலையைப் பிரிச்சுப்போடாத. உள்ளுக்கு எங்கட தோட்டத்து மண் இருக்கு. எங்களிட்ட மிச்சம் அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுதான் வேணும்.”

“...ஓம். பிரிக்கேல்லை.”

போனைத் திரும்ப எடுத்தேன். அண்ணைக்கு அடித்தேன்.

“அண்ணை, சிங்க் பைப்பைக் கழட்டலாமோ?”

“ஏன் பிள்ளை, மோதிரம் விழுந்திட்டுதோ?”

“மண்...”

“மண்ணோ! வெளியில போய் அள்ளு பிள்ளை, கனடா முழுக்க அதுதானே கிடக்கு!” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

வெளியே பனி. நிலம் கல்லாக உறைந்து கிடந்தது. உள்ளே வந்து பைப்பைக் கழற்றினேன். வெறும் தண்ணீர்.

5.02.

சரக்...

சீமெந்துத் தரைக்குக் கீழே இருந்து.

சரக்... சரக்...

மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அது மண் கிண்டுகிற சத்தம்.

5.09. தார் மணத்தது. றோட்டுக்குப் புதிதாகப் போடும் தார். டிசம்பரில் யார் தார் போடுகிறார்கள்?

கதவுக்கு ஓட நினைத்தேன். மேசையைத் தாண்டவில்லை. போர்வையைத்தான் பார்க்க முடிந்தது.

பெண்களை எண்ணினேன்.

ஐந்து.

ஐந்தாவது பெண்ணிடம் மண்வெட்டி இல்லை. முழங்காலில் இருந்தாள். இரண்டு கையும் நிலத்துக்குள்.

சரக்... சரக்...

5.17.

சத்தம் நின்றது.

மூலையைத் தொட்டேன். தைத்திருந்தது. நான் தைக்கவில்லை.

உள்ளே கட்டியாக... ஈரமாக... ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

ஆறு மணிக்கு பேர்ணடெற் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“போயிட்டா. 5.17க்கு.”

மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போர்வையைக் கட்டிப்பிடித்து அழுதாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சனிக்கிழமை அடக்கம். பெட்டிக்குள் அந்தப் போர்வையும் போனது. திரும்பி வரும்போது விட்பிக்கு அங்கால காரை நிறுத்திக் காட்டினாள். பெரிய கார் பார்க்.

“இதான் எங்கட தோட்டம். தார் போட்டு ஏழு வருஷம்.”

காரைத் திருப்ப முதல் அவளே சொன்னாள்.

“ஒண்டு மட்டும் விளங்கேல்லை சுபா. கை அசையாத ஆள். ஆனா அம்மாவைக் கழுவேக்க நேர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினவ. பத்து நகத்துக்குள்ளயும் ஈர மண்.”

அவள் திரும்பி அந்தக் கார் பார்க்கைப் பார்த்தாள்.

“மண்ணோட தாரும்.”