யார் மேலும் தப்பில்லை

ஒரு கண்ணாடி டம்ளர், அதன் மேல் பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டை, அட்டை மேல் ஐந்து ரூபாய் நாணயம். மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம், பத்தாம் வகுப்புக்கு நிலைமம் நடத்திய அன்று என் மேஜையில் இவ்வளவுதான் இருந்தது. அட்டையைச் சுண்டினேன். அது பறந்துபோனது, நாணயம் நேரே டம்ளருக்குள் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில், நிற்கிற பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்பக்கம் சாய்வோமே, அதுவும் இதுதான் என்று சொல்லி நானே தள்ளாடிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றாள்.

"அப்ப கீழ விழுந்தா, டிரைவர் மேல தப்பில்லையா மிஸ்?"

"யார் மேலயும் தப்பில்லம்மா. அது இயற்கையோட விதி" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்தார். உப்பளத்துச் சேறு காய்ந்து வெளுத்த கால்களோடு பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் மினி லாரியை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பெண்கள் ஏறி உட்காருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் பிடிமானமில்லாமல் நின்றிருந்த ஒருத்தி தார் ரோட்டில் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனாள். அவருடைய மனைவி. அதன்பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. அதே உப்பளத்தில் உப்பு வாரப் போய்விட்டார். மகள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டு வைப்பாளாம், சாப்பிடக் கூப்பிட மாட்டாளாம்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் எதிரில் டம்ளரை வைத்து, நான் செய்ததையெல்லாம் அவள் செய்து காட்டியிருக்கிறாள்.

"நெஜமாவே என் மேல தப்பில்லீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. விழுந்ததற்குத்தான் விதி காரணம், எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பது ஓட்டுகிறவர் பொறுப்பு என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். வகுப்பில் அவசரப்பட்டுவிட்டேன், அவளிடமும் திருத்திச் சொல்லிவிடுகிறேன் என்றேன். ரொம்ப நாளாகத் தெரிந்த செய்தியைக் கேட்பவர் மாதிரி அவர் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியுங்க. பின்னால திரும்பிக்கூடப் பாக்கல நானு. ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க. நேத்துதான் அப்பான்னு கூப்பிட்டா."

நான் சொல்லவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் வந்த ஒவ்வொரு வகுப்பிலும் ஓட்டுகிறவரின் பொறுப்பையும் சேர்த்தே நடத்தியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொன்னதே இல்லை.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது புதுச்சேரியில் நர்ஸ். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

"கடைசி வரைக்கும் எந்த வண்டியிலயும் ஏறல மிஸ். இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக்கூட நடந்தே வந்தாரு. உன் மேல தப்பில்லப்பான்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன். அவரு நம்பவே இல்லையா?"

"நம்பினாரும்மா" என்றேன்.