பச்சைப் புள்ளி

அந்த ஹெட்போனின் ஒரு பக்கப் பஞ்சு பிய்ந்திருந்தது. என் மருமகள், அக்காவின் மகள், தன் கைக்குட்டையை அதில் சுற்றிக் கட்டியிருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த இன்ரர்நெற் கடையின் மூலைக் கொம்பியூட்டர் அவளுடையது. கடை திறந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பசி தெரியாது, கூப்பிட்டால் கேட்காது. பதினாறு வயது.

அத்தான் கனடாவில் இருந்தார். அக்காவும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பக்கத்து லொட்ஜில் ஓர் அறை எடுத்து விசாவுக்குக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்கள் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. நாளைக்கே விமானம் ஏறப்போகிறவர்கள்போல உடுப்புப் பெட்டியைக்கூடப் பிரிப்பதில்லை. அதற்குள் ஒரு வருடம் போயிருந்தது. வெளியே இறங்கினால் சோதனை, அடையாள அட்டை, கேள்வி. பிள்ளைக்கு மிஞ்சியது அந்தத் திரைதான். அதில் ஊர்ச் சிநேகிதி ஒருத்தி தினமும் வந்து கதைப்பாள்.

பிறகு சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதை மூடியது; தொலைபேசி இணைப்புகளும் அறுந்தன. சிநேகிதியின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யார் எழுதினாலும் பதில் போடவில்லை. அக்கா கொண்டுவந்து வைக்கும் சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

"இவளை ரியூட்டரியில சேர், அக்கா."

"எட்டாம் வகுப்போட ஓடினவர் படிப்பைப் பற்றிக் கதைக்கிறார்! விசா இந்தா வரப்போகுது."

"ஓம், போன வருஷமும் இப்பிடித்தான் வரப்போனது."

மறுநாள் அக்கா பெட்டியைத் திறந்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினாள். பிறகு போய் ரியூட்டரி வகுப்பில் மகளின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

மருமகள் அசையவில்லை. "நான் இல்லாத நேரம் அவள் வந்தா ஆர் மாமா பதில் சொல்றது?"

"நான் இருக்கிறன். பச்சை எரிஞ்சா கடையைப் போட்டிட்டு ஓடிவந்து சொல்லுறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போனாள். கடைக்கு வந்தவர்களைக் கவனித்தபடியே நான் அந்தப் புள்ளியையும் பார்த்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றே கேட்பாள்: "வந்தவளோ?" எத்தனையோ நாள் அப்படி. ஒருநாள் புத்தகப் பையை மேசையில் போட்டுவிட்டு, "மாமா, சரியாப் பசிக்குது" என்றாள். பார்சலைப் பிரித்து இரண்டு வாய் தின்ற பிறகுதான், "வந்தவளோ?" என்றாள்.

விசா வரவேயில்லை. மருமகள் இன்று வெள்ளவத்தையிலிருந்தே வேலைக்குப் போகிறாள். நெற் கடை மூடிய நாளில் அந்த ஹெட்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கைக்குட்டையோடு ஜிந்துப்பிட்டியில் என் அறை ஆணியில் தொங்குகிறது. என்னைப் பார்க்க வந்தால் முதலில் சாப்பிட்டேனா என்று கேட்பாள். போகும்போது ஆணிப் பக்கம் திரும்புவாள்.

"வந்தவளோ, மாமா?"

"இன்னும் இல்லை, பிள்ளை" என்பேன். வெறுமனே 'இல்லை' என்று ஒருநாளும் சொன்னதில்லை.