சோற்றுப் பசை ஒட்டிய பாக்கெட்

எங்கள் குடோனுக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது. பிடிக்கிறவர்கள் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய்ப் பிடித்துவிட்டு வர வேண்டும். தீப்பெட்டியை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வான். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். உள்ளே கூரை வரைக்கும் அடுக்கியிருப்பது அத்தனையும் சிகரெட். "சிரிக்காதீங்க ஆயா, இவங்க இதையெல்லாம் ரொம்ப பெருசா எடுத்துக்குவாங்க" என்றார் என்னைச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர். ஏழு வருஷம் ஆகிறது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

கம்பெனி பெரியது. எத்தனையோ தேசத்தில் இருக்கிறதாம். சுவரில் உலகப் படம் மாட்டி, அவர்கள் இருக்கிற இடத்திலெல்லாம் நீலப் புள்ளி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேலூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் இந்தத் தகரக் கூரை குடோனும், அதன் கடைசி மூலையில் கிடக்கும் இரும்பு மேஜையும்தான். அதற்கு டேமேஜ் டேபிள் என்று பெயர். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு அங்கே வரும். மழையில் நனைந்தது, எலி கடித்தது, மூட்டைக்கு அடியில் மாட்டி நசுங்கினது. ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்து, பழுதில்லாததைப் பச்சைத் தட்டிலும் பழுதானதைச் சிவப்புத் தொட்டியிலும் போட வேண்டும். பச்சை மறுபடி கடைக்குப் போகும். சிவப்பு வெட்டுகிற மிஷினுக்குப் போய்த் தூளாகிவிடும். மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித் தாள் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் முழு பாக்கெட்டும் சிவப்பு. உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது.

வேலை கஷ்டமா என்று கேட்டால், கஷ்டமில்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து சாயந்திரம் வரை நிற்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தகரம் காய்ந்து சூடு தலைக்குள் இறங்கும். முகமூடி போட்டால் மூச்சு முட்டும், கழற்றினால் திட்டுவார்கள். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்று நெஞ்சில் கைவைத்து, பத்திரமாக வேலை செய்வேன், சக தொழிலாளியின் நலத்தைக் காப்பேன் என்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்து எங்கள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு எல்லோருக்கும் ஆரஞ்சுப் பழம் தருவார்கள். அதை உரித்துக்கொண்டே, மேஜைமேல் கிடக்கும் பாக்கெட்டில் அச்சடித்த அழுகின வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் வரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தி வருவாள். என் புடவையில் புகையிலை வாசம் அடிக்கும், ஒளிக்க முடியாது. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இன்னா ஆயா, நீங்க அனுப்பறதைக் குடிச்சுட்டுத்தானே எங்க வார்டுல வந்து படுக்கறாங்க?"

"நான் அனுப்பறவ இல்லமா. வெட்டிப் போடறவ" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இந்தக் கம்பெனிக்கு வருமுன் குடியாத்தத்தில் முப்பத்தைந்து வருஷம் பீடி சுற்றினேன். நான் சுற்றிக் கொடுக்கும் பீடிக் கட்டிலிருந்து, கூலி கொடுத்து வாங்குகிற மண்டிக்காரன் ஒரு பீடியைக் கழித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன். மற்ற பெண்களின் கட்டை அவன் பிரித்துப் பார்ப்பான். நான்கு கோணலாக இருந்தால் கைநிறைய அள்ளிக் கழிவு என்று ஒதுக்குவான். ஒதுக்கினதைத் திருப்பித் தர மாட்டான். அதனால் மண்டிக்குப் போகுமுன் எங்கள் தெருப் பெண்கள் கட்டை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் பிரித்து, கோணலை உருவி எடுத்துவிட்டு, இன்னொரு கட்டிலிருந்து நல்லதைச் செருகி, நூல் கட்டி, லேபிளை மறுபடி ஒட்டித் தருவேன். ஒட்டப் பசை எதற்கு? சாப்பிட்ட தட்டில் நாலு பருக்கை இருந்தால் போதும். கட்டைத் திருத்துவது என்று அதற்குப் பெயர். அது தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

போன மழைக்காலத்தில் சரக்கு மலைபோல் திரும்பி வந்தது. ஒரு பாக்கெட்டில் மூலை மட்டும் நனைந்திருக்கும். இரண்டு கறுத்திருக்கும், மீதி எல்லாம் புதுசு. அதை அப்படியே சிவப்பில் போட என் கை வரவில்லை. ஏழு வருஷம் போட்டேன். அந்த மழையில் ஏனோ முடியவில்லை. கண்ணாடித் தாள் கிழியாத ஒரு பாக்கெட்டின் அடி மடிப்பை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். நனைந்த இரண்டை எடுத்துவிட்டு, கிழிந்த பாக்கெட்டிலிருந்து நல்லது இரண்டைச் செருகினேன். மடிப்புக்கு உள்ளே ஒரு பருக்கையைத் தேய்த்து அழுத்தினேன். பார்த்தால் கடையிலிருந்து இப்போதுதான் வாங்கினது போல் இருந்தது. பச்சைத் தட்டில் வைத்தேன்.

கம்பெனிக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மழை விடுகிற வரைக்கும் செய்தேன்.

பச்சைத் தட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் எங்கள் சூப்பர்வைசர். ஆம்பூர்ப் பெண். அவள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து இடுப்பு போய்ப் படுத்திருக்கிறார். கீழே இரண்டு தங்கச்சிகள் படிக்கிறார்கள். வீடு இவள் சம்பளத்தில் ஓடுகிறது. மற்ற மேஜைத் தட்டில் பத்துக்கு ஒன்று எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். என் தட்டைப் பார்க்க மாட்டாள். "ஆயா தட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

தை மாதம் ஒடுகத்தூரிலிருந்து ஒரு கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அவர் கடை அலமாரியில் ஒரே ஒரு பாக்கெட்டைச் சுற்றி எறும்பு மொய்த்திருக்கிறது. சிகரெட்டுக்கு எறும்பு வருமா? பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு சிகரெட்டில் வேறு நம்பர். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பர் உண்டாம், கலக்கக் கூடாதாம். எனக்கு அது தெரியாது. டூப்ளிகேட் சரக்கு, குடோனில் இருந்தேதான் கிளம்புகிறது என்று பேச்சாகி, பெங்களூரிலிருந்து இரண்டு கம்பெனி ஆபீசர்கள் காரில் வந்து இறங்கினார்கள்.

மூன்று நாள் விசாரித்தார்கள். காகிதத்தில் இருந்தது சூப்பர்வைசர் கையெழுத்து. வெளியே யாரோடு கூட்டு, மிஷின் எங்கே வைத்திருக்கிறாய் என்று அவளைக் கேட்டார்களாம். மூன்றாம் நாள் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முகத்தில் தண்ணீர் இருந்தது. எது தண்ணீர் என்று தெரியவில்லை.

"இன்னா பாப்பா?"

"நாளைக்கு போலீஸ்ல குடுப்பாங்களாம் ஆயா. நான் இன்னா செஞ்சேன்? எறும்பு வந்ததுக்கு நான் இன்னா செய்வேன்?"

எறும்பு என்று அவள் சொன்னபோதுதான், அது என் சோற்றுப் பருக்கைக்கு வந்தது என்று எனக்குப் புரிந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். என் வயசுக்கு இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடையாது. இருந்தும் குழாயை மூடிவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"அது நான் செஞ்சது" என்றேன்.

மேனேஜர் வேலூர்க்காரர். இந்தியில் ஆபீசர்களிடம் சொன்னார். அவர்கள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்கள்.

"நம்ப மாட்டேங்கறாங்க ஆயா. இது கையால வராது, மிஷின் வேலைங்கறாங்க. அந்தப் பொண்ணக் காப்பாத்த வந்திருக்கீங்கன்னு நினைக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"ஒரு பாக்கெட் குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

டேமேஜ் டேபிளுக்கே வந்துவிட்டார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். மற்ற பெண்கள் சுற்றி நின்றார்கள். என் டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பு படாத ஓரத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்தேன். கூட்டத்தில் ஒருத்தி, "ஆயா, ஊறுகாயும் கொஞ்சம் வெச்சு ஒட்டு, வெளிநாட்டு முதலாளிக்கு ருசியா இருக்கும்" என்றாள். மேனேஜர் முறைத்தார். நான் அவசரப்படவில்லை. கிளப்பி, மாற்றி, தேய்த்து, அழுத்தி, புடவைத் தலைப்பால் துடைத்து நீட்டினேன். ஆபீசர் மடிப்பு மேல் நகத்தை ஓட்டினார். வெளிச்சத்தில் திருப்பினார். எங்கே பிரித்தேன் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாராட்டுவார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் முகம் வெளுத்துப்போனது. இப்படி எத்தனை என்று கேட்டார்.

"எண்ணலிங்க. மழை விட்ற வரைக்கும்" என்றேன்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் குடோனிலிருந்து போன பச்சைத் தட்டுச் சரக்கு முழுவதையும் கடை கடையாகத் திரும்ப எடுக்கச் சொல்லி போன் போனது. திருத்தினது, திருத்தாதது எது என்று யாருக்கும் தெரியாதே. எனக்கே தெரியாது.

மறுநாள் ஆபீஸ் ரூமில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்கள். மேனேஜர் சொன்னார்: "தெரியாம செஞ்சுட்டேன்னு உங்க கைப்படவே எழுதிக் குடுங்க ஆயா. வேலை சொல்லிக் குடுத்ததுல குறைன்னு முடிச்சுடுவாங்க. ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"தெரியாம எப்படிங்க இவ்ளோ நேர்த்தியா வரும்? தெரிஞ்சுதான் செஞ்சேன். நல்லதைத் தூக்கிப் போட மனசு வரல. அதை எழுதறேன்."

"அப்படி எழுதினா சரக்குல கலப்படம்னு கேஸ் ஆவும். கையெழுத்துப் போட்டவளும் உள்ள வருவா."

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். முப்பது வயசுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றது. மண்டிக்காரனிடம் ரேகை வைக்கக் கூடாது என்பதற்காகக் கற்றது. அந்த எழுத்தில் முதன்முதலாக ஒரு முழுக் காகிதம் எழுதச் சொல்கிறார்கள். அதில் என் வேலையை நானே அறியாதவள் என்று எழுதச் சொல்கிறார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் கதவோரம் நின்றிருந்தாள். மேனேஜர் டீ வாங்கிவரச் சொல்ல வெளியே போனதும் கிட்டே வந்தாள்.

"எழுதிடுங்க ஆயா."

"பொய்யை எழுதச் சொல்றியா பாப்பா?"

"உங்களுக்கு அது கௌரவம். எனக்கு சோறு. உங்க தட்டுன்னு நம்பித்தானே நான் பாக்காம போட்டேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பேனாவை எடுத்தேன். 'தெரியாமல்' என்று எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேனேஜர் டீயோடு வந்தபோது கீழே என் பேரைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. மேஜையிலிருந்து எடுத்து வெட்டுகிற மிஷினில் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்த சரக்கு வந்தது. மூன்று வண்டி. ஒடுகத்தூர், குடியாத்தம், வேலூர் லாங் பஜார்க் கடைகள் எல்லாவற்றிலிருந்தும். பெட்டி பிரிக்காதது, தூசி படாதது, ஒரு குறையும் இல்லாதது. நான் நாலு காசுச் சிகரெட்டைக் காப்பாற்றினதற்கு இத்தனையும் தூளாக வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள். இப்போது என் கையிலிருந்து போவதைத்தான் முதலில் பார்க்கிறாள்.

முதல் பெட்டியைத் தூக்கி மிஷின் வாயருகே வைத்தேன். அவள் பட்டன் மேல் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஆயா, முடியலன்னா உக்காருங்க. வேற யாரையாவது போடச் சொல்றேன்."

"நானே போடறேன். மிஷினை ஓட்டு பாப்பா" என்றேன்.